கேள்வி – பதில்: கப்பலேறும் வயது

சென்ற இதழில், உல்லாசக் கப்பல் பயணம் யாருக்கு ஏற்றது என்று வாசகி ஒருவர் கேட்டிருந்த கேள்விக்கு, "அது ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு" என்று ஒரே வசனத்தில் பதில் எழுதியிருந்தேன். அந்த வசனத்தை மறுத்தும் விளக்கம் கேட்டும் வவுனியாவிலிருந்து பரந்தன் வரை பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. அவசரத்தில் எழுதிய வசனம் அது என்பதை ஒப்புக்கொண்டு, இம்முறை பக்கம் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: நான் திருகோணமலையில் வேலை செய்கிறேன். உல்லாசக் கப்பல் வரும் நாட்களில் கோணேசர் கோயிலடிக்கு வரும் வெள்ளைக்காரர்களைப் பார்த்தால் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்களாகவே தெரிகிறார்கள். ஊன்றுகோலோடு ஏறி வருபவர்களும் உண்டு. ஆனால் ரொறன்ரோவில் இருக்கும் என் சித்தப்பாவின் மகன் நண்பர்களோடு கப்பலில் போன படங்களை அனுப்புகிறான். அவற்றில் ஒரு நரைத்த தலையைக்கூடக் காணவில்லை. எது உண்மை?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: இரண்டும் உண்மைதான். நீங்கள் பார்த்த கப்பலும் உங்கள் தம்பி ஏறிய கப்பலும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கலாம். ஆனால் அவை ஓடும் நாட்களின் எண்ணிக்கை வேறு. இலங்கைத் துறைமுகங்களைத் தொட்டுச் செல்லும் பெரிய கப்பல்களில் பல நீண்ட பயணத்தின் நடுவில் இருப்பவை. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ தை மாதத்தில் புறப்பட்டு, நூறு நாட்களுக்கு மேல் உலகத்தைச் சுற்றிவிட்டுச் சித்திரை, வைகாசியில் வீடு திரும்பும் கப்பல்கள் அவற்றுள் உண்டு. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் இடையில் இரண்டு மூன்று வாரங்கள் ஓடுபவையும் உண்டு. நூறு நாள் விடுமுறை கொடுக்கும் முதலாளியை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆகவே அத்தகைய பயணத்துக்குப் போகக்கூடியவர், பிள்ளைகளை வளர்த்து முடித்து, ஓய்வூதியமும் சேமிப்பும் கையில் உள்ளவராகவே இருப்பார்.

உங்கள் தம்பி போன பயணமோ பெரும்பாலும் மயாமி போன்ற ஒரு துறைமுகத்திலிருந்து வெள்ளிக்கிழமை புறப்பட்டு, பஹாமாஸ் தீவுகளைத் தொட்டுவிட்டுத் திங்கட்கிழமை காலையில் திரும்புகின்ற, மூன்று இரவுப் பயணமாக இருந்திருக்கும். அதற்கு இரண்டொரு நாள் லீவு போதும். நண்பர்கள் நால்வர் ஓர் அறையைப் பங்குபோட்டால் செலவும் கையைக் கடிக்காது. ஒரு கப்பலில் யார் இருப்பார்கள் என்று அறிய விரும்புபவர் முதலில் கேட்க வேண்டியது அது எத்தனை இரவு ஓடுகிறது என்பதைத்தான். இரவுகள் கூடக் கூடப் பயணிகளின் வயதும் கூடும். இனி வரும் பதில்களிலும் இந்த ஒரு கணக்கையே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே கப்பல் ஒரே வழியில் ஓடினாலும் மாதத்துக்கு மாதம் அதன் முகம் மாறும். ஆடி மாதத்தில் மேற்கத்தியப் பள்ளிகள் மூடியிருக்கும்போது நீச்சல் தடாகத்தில் பிள்ளைகளின் கூச்சலைத் தவிர வேறொன்றும் கேட்காது. புரட்டாதியில் பள்ளிகள் திறந்த பின் அதே தடாகத்தின் ஓரத்தில் புத்தகமும் தொப்பியுமாக முதியவர்கள் படுத்திருப்பார்கள். கட்டணம் குறையும்வரை காத்திருக்கும் பொறுமையும் அவர்களுக்கு உண்டு.

கேள்வி: தொடக்கத்திலிருந்தே இது முதியோருக்கான பொழுதுபோக்காகத்தான் இருந்ததா? எங்கள் காலத்தில் கப்பலில் போனவர்கள் இளைஞர்கள் என்றே எனக்கு ஞாபகம்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பரந்தன்

பதில்: உங்கள் ஞாபகம் சரியானது, ஐயா. ஆனால் நீங்கள் நினைவுகூர்வது பயணிகள் கப்பலை. அன்று கொழும்பில் கப்பலேறிச் சட்டமோ மருத்துவமோ படிக்க இங்கிலாந்துக்குப் போனவர்கள் இருபது வயதை ஒட்டியவர்கள். அவுஸ்திரேலியாவில் குடியேறப் போன ஐரோப்பியக் குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு கொழும்பில் இறங்கி ஒரு பகல் ஊரைப் பார்த்துவிட்டுப் போயின. அவர்களுக்குக் கப்பல் என்பது ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் போகும் வழி. ஊர் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதற்காகக் கப்பலேறுவது வேறு கதை. அதற்கும் நீண்ட வரலாறு உண்டு.

பிரித்தானியாவின் பி அன்ட் ஓ கப்பல் நிறுவனம் 1844இலேயே சவுதாம்ப்டனிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு இன்பச் சுற்றுலாப் பயணங்களை விளம்பரப்படுத்தியது. இன்று நாம் அறிந்த வடிவத்துக்கு வித்திட்டவர் என்று பலரும் சொல்வது ஹம்பர்க்–அமெரிக்கக் கப்பல் நிறுவனத்தின் அல்பேர்ட் பாலினை. மாரிகாலத்தில் அத்திலாந்திக் கடலைக் கடக்க ஆட்கள் குறைந்து, பெரிய கப்பல்கள் சும்மா கட்டிக் கிடப்பதைக் கண்ட அவர், 1891 சனவரியில் 'அவுகுஸ்தா விக்டோரியா' என்ற கப்பலில் 241 பயணிகளை ஏற்றி, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்டினார். இரண்டு மாதத்தை ஒதுக்கக்கூடியவர்கள் அன்று பெருஞ்செல்வர்கள் மட்டுமே. அந்த நாளில் பயணியைத் தீர்மானித்தது வயதைவிட வகுப்பு என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த திருப்பம் எனக்கு மிகவும் சுவையானதாகத் தோன்றுகிறது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. வேற்று நாட்டுக் கொடி பறக்கும் கப்பல் கரையைவிட்டு விலகியதும் அந்தச் சட்டம் எட்டாது. எனவே நியூயோர்க்கிலிருந்து புறப்பட்டு, எந்த ஊரையும் தொடாமல் கடலில் சில நாட்கள் மிதந்துவிட்டுத் திரும்பும் மலிவான பயணங்கள் தோன்றின. குடியும் இசையும் நடனமும் தேடி அவற்றில் ஏறியவர்களில் இளைஞர்களுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் குறைவில்லை. இன்று புதிதென்று நாம் நினைக்கும் வார இறுதிக் கப்பல் கூத்து, நம் தாத்தாமார் காலத்திலேயே அரங்கேறிவிட்டது. அங்கேயும் குறுகிய பயணமே இளைஞரை இழுத்தது என்பதைப் பாருங்கள்.

பள்ளி மாணவர்களும் கப்பலேறினார்கள். பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனம், நம்மவர் 'பி.ஐ. கப்பல்' என்று சொன்ன அதே நிறுவனம், 1960களிலும் 70களிலும் 'நெவாசா', 'உகண்டா' முதலிய கப்பல்களில் வகுப்பறைகளும் கூட்டுப் படுக்கை அறைகளும் அமைத்து மாணவர்களைக் கல்விப் பயணங்களுக்கு அழைத்துச் சென்றது. மேல்தட்டில் கட்டணம் செலுத்திய முதியவர்கள், கீழ்த்தட்டில் மாணவர் பட்டாளம்: ஒரே கப்பலில் இரண்டு உலகங்கள்.

இவ்வளவுக்குப் பிறகு அது எப்படி முதியோரின் பொழுதுபோக்கு என்று பெயரெடுத்தது? காரணம் விமானம். 1958 ஒக்டோபரில் ஜெட் விமானங்கள் அத்திலாந்திக்கைக் கடந்து பயணிகளை ஏற்றத் தொடங்கின. அவசரம் உள்ளவர்கள், அதாவது மாணவர்களும் வேலை தேடுவோரும் குடியேறுவோரும், சில ஆண்டுகளுக்குள் விமானத்துக்கு மாறினார்கள். 1967இலிருந்து 1975 வரை சூயெஸ் கால்வாய் மூடப்பட்டிருந்ததால் கொழும்பைத் தொட்ட ஐரோப்பியப் பயணிகள் கப்பல்களும் அருகிப்போயின. கப்பலில் எஞ்சியவர்கள், அவசரமில்லாதவர்களும் விமானத்தை நம்பாதவர்களும்தான். கப்பலை முதியவர்கள் தேடிப் போய்ப் பிடிக்கவில்லை. இளையவர்கள் இறங்கிப் போன பின் அவர்கள் அதில் தங்கிவிட்டார்கள். அந்த இருபது ஆண்டுகளில் பதிந்த படமே சென்ற இதழில் என்னையும் ஏமாற்றியது.

கேள்வி: இளைஞர்கள் எப்போது திரும்பி வந்தார்கள்? புள்ளிவிபரம் இருந்தால் தரவும்.
– உயர்தர மாணவி, வவுனியா

பதில்: ஒரு நாளில் நடந்த மாற்றமன்று, தங்கச்சி. 1960களின் பிற்பகுதியில் மயாமியை மையமாகக் கொண்டு கரீபியன் கடலில் குறுகிய பயணங்களை நடத்தும் நிறுவனங்கள் தோன்றின. 1972இல் கார்னிவல் நிறுவனம் பழைய 'எம்பிரஸ் ஒவ் கனடா'வை வாங்கி, 'மார்டி கிரா' என்று பெயர் மாற்றி ஓடவிட்டது. முதற்பயணத்திலேயே மயாமிக்கு வெளியே அது மணலில் கரைதட்டியதும், பயணிகள் கலங்காமல் கொண்டாட்டத்தைத் தொடர்ந்ததாகச் சொல்லப்படுவதும் கப்பல்காரர்கள் இன்றும் சிரித்துச் சொல்லும் கதை. அந்த நிறுவனம் தன் கப்பல்களை 'வேடிக்கைக் கப்பல்கள்' என்றே விளம்பரம் செய்தது. இரவு விருந்துக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிய வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்தது. 1977இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் உல்லாசக் கப்பலைக் களமாகக் கொண்ட காதல் தொடர் ஒன்று தொடங்கிப் பல ஆண்டுகள் ஓடியது. கப்பல் என்றதும் சாய்வு நாற்காலியையும் கம்பளியையும் நினைத்தவர்கள், அதன் பிறகு தேன்நிலவை நினைக்கத் தொடங்கினார்கள்.

பிள்ளைகளை இழுத்தது டிஸ்னி. 1998இல் அதன் முதற்கப்பல் ஓடத் தொடங்கியபோது, பிள்ளை கேட்கும் இடத்துக்குத்தான் பெற்றோர் பணம் கட்டுவார்கள் என்ற உண்மை மற்ற நிறுவனங்களுக்கும் உறைத்தது. ரோயல் கரீபியன் நிறுவனம் 2009இல் இறக்கிய 'ஒயேசிஸ் ஒவ் த சீஸ்' நடுவில் பூங்கா உள்ள கப்பல். 2024 சனவரியில் ஓடத் தொடங்கிய அதே நிறுவனத்தின் 'ஐகன் ஒவ் த சீஸ்' இருபது தட்டுகளும் நீர்ச்சறுக்குப் பூங்காவும் உள்ளது. அதில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் ஏறலாம். நம் பக்கத்துப் பிரதேச செயலாளர் பிரிவு ஒன்றின் சனத்தொகையில் நல்ல பங்கு ஒரு கப்பலுக்குள் அடங்கிவிடும்.

எண்களுக்கு வருவோம். 1970இல் உலகெங்கும் உல்லாசக் கப்பலேறியவர்கள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் என்று கணக்கிடப்படுகிறது. கப்பல் நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம் வெளியிட்ட கணக்கின்படி 2019இல் அது 2 கோடி 97 இலட்சம். 2023இல் 3 கோடி 17 இலட்சம். 2024இல் 3 கோடி 46 இலட்சம். அதே சங்கத்தின் அண்மைய அறிக்கைகள் பயணிகளின் சராசரி வயது 46 முதல் 47 என்றும், நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள் நூற்றுக்கு 36 பேர் என்றும் கூறுகின்றன. அது கப்பல் நிறுவனங்களின் சங்கம் என்பதால், இளமையான முகத்தைக் காட்டுவதில் அதற்கு விருப்பம் இருக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கணிதம் படிப்பவராக இருந்தால் சராசரியைப் பற்றி ஒரு சொல். 74 வயது அம்மப்பா, 70 வயது அம்மம்மா, 45 வயது அப்பா, 41 வயது அம்மா, 14, 8 வயதுப் பிள்ளைகள் இருவர் ஆகிய ஆறு பேர் ஒன்றாகக் கப்பலேறுகிறார்கள் என்று வைப்போம். அவர்களின் சராசரி வயது 42. ஆனால் 42 வயதுக்காரர் ஒருவரும் அந்தக் குடும்பத்தில் இல்லை. உல்லாசக் கப்பலின் சராசரி வயது குறைந்தது என்ற செய்தியை இப்படித்தான் படிக்க வேண்டும். முதியவர்கள் போய்விடவில்லை, அவர்களின் எண்ணிக்கை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அவர்கள் அருகில் பேரப்பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

கேள்வி: முதியோருக்கு மட்டும், இளைஞருக்கு மட்டும் என்று தனிக் கப்பல்கள் உண்டா?
– வாசகர், மன்னார்

பதில்: உண்டு. பிரித்தானியாவின் சாகா நிறுவனம் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கென்றே கப்பல் நடத்துகிறது. அதன் தோற்றமே சுவையானது: ஃபோக்ஸ்டன் என்ற கடலோர ஊரில் விடுதி வைத்திருந்தவர், மாரிகாலத்தில் அறைகள் காலியாகக் கிடப்பதைக் கண்டு, 1950களின் தொடக்கத்தில் ஓய்வூதியர்களை மலிவுக் கட்டணத்தில் அழைத்தார். காலிக் கப்பலை நிரப்பப் பார்த்த பாலினும் காலி அறையை நிரப்பப் பார்த்த இவரும் ஒரே வழியில் சிந்தித்திருக்கிறார்கள். பி அன்ட் ஓவும் சில கப்பல்களைப் பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. 2021இல் ஓடத் தொடங்கிய வேர்ஜின் வோயேஜஸ் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றுவதில்லை; அங்கே தேடப்படுபவர்கள் முதியவர்களைவிட, பிள்ளைகளின் சத்தமில்லாமல் இருக்க விரும்பும் இளம் சோடிகள்.

இளைஞருக்கு மட்டும் என்று நடத்திப் பார்த்ததும் நடந்தது. ஐரோப்பிய ஆறுகளில் கப்பல் விடும் ஒரு நிறுவனம், 21 முதல் 45 வயது வரையானவர்களுக்கு மட்டும் என்று அறிவித்து, கறுப்புச் சாயம் பூசிய இரண்டு கப்பல்களை 2018இல் இறக்கியது. எங்களை ஏன் விலக்குகிறீர்கள் என்று வயது கூடியவர்கள் கேட்கத் தொடங்க, அதே ஆண்டிலேயே மேல் வரம்பை எடுத்துவிட்டார்கள். ஆற்றுக் கப்பலின் வாடிக்கையாளர் முதியவர்கள். அவர்களை இறக்கிவிட்டு அந்தத் தொழில் ஓடாது.

கேள்வி: கொரோனாவுக்குப் பிறகு முதியவர்கள் பயந்து ஒதுங்கிவிட்டார்களா?
– தாதியர் உத்தியோகத்தர், கிளிநொச்சி

பதில்: சில காலம் ஒதுங்கினார்கள், ஒதுக்கப்பட்டார்கள் என்றும் சொல்லலாம். 2020 பெப்ரவரியில் ஜப்பானின் யொக்கொகாமா துறைமுகத்தில் 'டயமண்ட் பிரின்சஸ்' தனிமைப்படுத்தப்பட்டதையும், அதிலிருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று ஏற்பட்டதையும் நீங்கள் அறிவீர்கள். இறந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். மார்ச் 12ஆம் திகதி பிரித்தானிய அரசு எழுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் உல்லாசக் கப்பலில் ஏற வேண்டாம் என்று அறிவுறுத்தியது. சில நாட்களில் எல்லாக் கப்பல்களும் நின்றன. மறுபடி தொடங்கியபோது முதலில் ஓடியவை பெரும்பாலும் குறுகிய, அண்மைத் துறைமுகப் பயணங்கள். அவற்றில் இளையவர்கள் ஏறியதில் வியப்பில்லை. நீண்ட பயணங்கள் திரும்பியதும் நீண்ட நாள் பயணிகளும் திரும்பிவிட்டார்கள். அந்த இடைவெளியில் முதன்முறையாகக் கப்பலேறிய இளையவர்களில் பலர் மீண்டும் மீண்டும் போகிறார்கள் என்பதே நிலைத்த மாற்றம்.

கேள்வி: எனக்கு வயது 71, கணவருக்கு 76, அவருக்கு இரத்த அழுத்தமும் நீரிழிவும் உண்டு. சுவிஸில் இருக்கும் பிள்ளைகள், வருகிற ஆடி விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு எங்களையும் ஏழு நாள் கப்பலில் கூட்டிப்போகப் பதிவு செய்யப் போகிறார்களாம். எனக்குக் கப்பல் என்றாலே நெஞ்சு படபடக்கிறது. காரணம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: அம்மா, காரணம் தெரியும். எங்கள் பகுதியில் உங்கள் வயதினர் பலருக்குக் கப்பல் என்றால் இறுதிப் போர் நடந்த 2009ஆம் ஆண்டின் மாசியும் பங்குனியும் சித்திரையும்தான் நினைவுக்கு வரும். மாத்தளன் கரையிலிருந்து சிறு வள்ளங்களில் காயக்காரரை ஏற்றி, ஆழத்தில் நின்ற 'கிறீன் ஓஷன்' கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த செஞ்சிலுவைச் சங்கத்தின் அந்தப் பயணங்களில், யார் ஏறினார்கள், யார் கரையில் நின்றார்கள் என்பதை மறக்க முடிந்தவர்கள் குறைவு. உலகத்தின் எந்தக் கணக்கெடுப்பிலும் 'கப்பலில் ஏறாமைக்குக் காரணம்' என்ற பட்டியலில் இது இருக்காது. வன்னியில் இருக்கும். ஆகவே, பயப்படாதீர்கள் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. பிள்ளைகளிடம் காரணத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். அங்கே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்குக் கப்பல் என்றால் நீர்ச்சறுக்கும் ஐஸ்கிரீமும்தான் தெரியும், அம்மம்மா ஏன் தயங்குகிறார் என்பது அவர்களுக்குத் தெரியாமலே இருக்கலாம்.

போவதென்று முடிவெடுத்தால், முதலில் விசா. சுவிஸிலிருந்து போகும் குடும்பங்கள் பெரும்பாலும் ஜெனோவா போன்ற இத்தாலியத் துறைமுகத்தில் ஏறுவார்கள். கப்பல் செங்கன் நாடுகளை (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளை) விட்டு வெளியே ஒரு துறைமுகத்தைத் தொட்டுத் திரும்பினாலும், பலமுறை நுழைவதற்கான செங்கன் விசா தேவை. ஒருமுறை நுழைவு விசாவோடு போனவர் திரும்பும்போது சிக்கிக்கொள்வார். பயணத் திட்டத்தை விசா விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். செங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி வேண்டும்; ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம். கப்பலில் மருத்துவரும் தாதியரும் இருப்பார்கள், சிறு மருத்துவமனை இருக்கும். ஆனால் அது இலவசமன்று, பாரதூரமான நிலை என்றால் நோயாளியைக் கரைக்கு இறக்கிவிடுவார்கள். ஏற்கெனவே உள்ள நோய்களையும் கடலிலிருந்து அவசரமாக வெளியேற்றும் செலவையும் ஏற்கும் காப்புறுதியாக இருக்க வேண்டும். உங்கள் கணவரின் நோயை மறைத்து எடுத்த காப்புறுதி, தேவைப்படும் நேரத்தில் வெறும் கடதாசி.

அறையைப் பதிவு செய்யும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டுகளில் ஒன்றைக் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் மிகக் குறைவு. மின்தூக்கிக்கு அருகில் இருந்தால் நடை குறையும். மருந்துகளை மூலப் பொதியோடும் மருத்துவரின் ஆங்கிலக் கடிதத்தோடும் கைப்பையில் வைத்திருங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம். ஏறும் நாளில் பெட்டி அறைக்கு வந்துசேர மாலையாகிவிடும். நீரிழிவுக்காரருக்குக் கடலைவிடப் பெரிய ஆபத்து, நாள் முழுவதும் திறந்திருக்கும் உணவு மண்டபம். சோறு கிடைக்கும், நம்முடைய சோறாக இராது. நான் ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவுப் பயணம் போனபோது, சென்னையிலிருந்து வந்த ஒரு பாட்டி கைப்பையிலிருந்து ஊறுகாய்ப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். அந்தக் கப்பலில் நான் கண்டவர்களில் முன்யோசனை மிக்கவர் அவர்தான்.

ஏழு நாள் உங்களுக்கு அதிகம் என்று தோன்றினால் மூன்று அல்லது நான்கு இரவுப் பயணத்தைக் கேளுங்கள். மூன்று தலைமுறை சேர்ந்து போகும் குடும்பங்களுக்கு அது பெரும்பாலும் பொருந்துகிறது: மருமகனுக்கு லீவு போதும், பேரப்பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டாது, உங்களுக்கும் மனம் ஒப்பாவிட்டால் கரை தூரமில்லை.

கேள்வி: எனக்கு 19 வயது. வெளிநாட்டில் உள்ள மச்சான்மாரோடு, பெரியவர்கள் இல்லாமல் கப்பலில் போக முடியுமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: எங்கே ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, தம்பி. அமெரிக்காவிலிருந்து புறப்படும் பல பெரிய கப்பல்களில் 21 வயதுக்குக் குறைந்தவர்கள், அதைத் தாண்டிய ஒருவரோடுதான் அறை எடுக்கலாம். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் புறப்படும் பல பயணங்களில் அந்த வரம்பு 18. மச்சான்மாரில் ஒருவருக்காவது 21 ஆகியிருந்தால் அவரைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் துறைமுகம் என்றால் அந்த நாட்டு விசா இல்லாமல் ஏற முடியாது. சிங்கப்பூருக்கு இலங்கைக் கடவுச்சீட்டோடு முன்விசா இன்றிப் போகலாம் என்பதால் உங்களுக்கு அது இலகு. ஆனால் கப்பல் தொடும் அடுத்த நாட்டின் விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். கைக்குழந்தை பற்றிக் கேட்டிருந்த இன்னொரு வாசகிக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பொதுவாக ஆறு மாதம் நிறைந்த பிள்ளையை ஏற்றுவார்கள், பெருங்கடலைக் கடக்கும் பயணம் என்றால் ஒரு வயது கேட்பார்கள்.

கேள்வி: வன்னிக் கரைக்கு உல்லாசக் கப்பல் ஒருநாள் வருமா? வந்தால் நம்மவரில் யார் ஏறுவார்கள்?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: முல்லைத்தீவில் பெரிய கப்பல் வந்து நிற்பதற்குத் துறைமுகம் இல்லை. மன்னார்ப் பக்கத்துக் கடல் ஆழம் குறைந்தது. இராமர் அணையின் மணல் திட்டுகளுக்கு மேலாகப் பெரிய கப்பல் போக முடியாது. முல்லைத்தீவுக் கடற்கரையில் நம்மவர் குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்த ஒரே பெரிய கப்பல், 2006 மார்கழியில் அரிசி ஏற்றி வந்து இயந்திரம் பழுதாகிக் கரைதட்டிய 'பாரா 3'. அது உல்லாசத்துக்காக வந்ததன்று. பின்னர் இரும்புக்காக வெட்டப்பட்டுப் போய்விட்டது.

நமக்கு அண்மையில் வந்தது, 2023 ஆனி மாதத்தில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை வழியாகக் காங்கேசன்துறைக்கு வந்த, இந்தியாவின் கொர்டேலியா நிறுவனத்தின் உல்லாசக் கப்பல் 'எம்பிரஸ்'. அந்தக் கப்பலின் பிறப்பை அறிந்தால், முதற்கேள்வியைக் கேட்ட முல்லைத்தீவு வாசகர் மகிழ்வார். அது 1990இல் 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில், மயாமியிலிருந்து மூன்று, நான்கு இரவுகள் ஓடுவதற்கென்றே கட்டப்பட்டது. முதன்முறை கப்பலேறும் இளம் அமெரிக்கரை ஏற்றிய அதே அறைகளில், முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியக் குடும்பங்கள் பிள்ளைகளோடும் பாட்டிமாரோடும் காங்கேசன்துறையைப் பார்க்க வந்தன. சென்னையில் ஏறிச் சென்னையிலேயே இறங்கும் பயணம் என்பதால் நம்மவர்க்கு அது கரையிலிருந்து பார்க்கும் காட்சியாகவே இருந்தது.

யார் ஏறுவார்கள் என்பதற்கு, தலைமன்னாரை வைத்துப் பதில் சொல்கிறேன். 1914இலிருந்து தலைமன்னாருக்கும் இந்தியக் கரைக்கும் இடையில் கப்பல் ஓடியது. 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின் இராமேஸ்வரத்துக்கு ஓடி, 1980களில் போர் மூண்டபோது நின்றுபோனது. அதில் சிறுபிள்ளையாகத் தாயின் மடியில் போனவருக்கும் இன்று நாற்பதைத் தாண்டியிருக்கும். வணிகத்துக்கும் திருத்தலப் பயணத்துக்கும் கல்யாணச் சேலை எடுக்கவும் போனவர்களில் உயிரோடிருப்பவர்கள் எழுபது, எண்பது வயதினர். கடல் கடந்த ஞாபகம் இனிமையாக உள்ள கடைசித் தலைமுறை அது. அதற்கு அடுத்த தலைமுறைக்குக் கடல் என்றால் அகதிப் படகும் ஆழிப்பேரலையும். அதற்கும் அடுத்த தலைமுறை, அதாவது மாங்குளத்துத் தம்பியின் வயதினர், அந்த நினைவுகளைக் கேட்டு வளர்ந்தாலும் அதில் வாழவில்லை. ஆகவே நம்மூரில் கப்பலேற ஆசைப்படுபவர்கள் இருபுறமும் இருப்பார்கள், நடுவில் ஆள் குறைவாக இருக்கும் என்பது என் கணிப்பு. மேலைநாடுகளில் 1970களில் நரைத்த தலைகளே மிஞ்சிய கோலத்துக்கும், இன்று எல்லா வயதினரும் கலந்திருக்கும் கோலத்துக்கும் அது ஒத்துவராது.

முயன்று பார்க்க விரும்புபவர்களுக்குக் காங்கேசன்துறை–நாகபட்டினம் படகுச் சேவை இருக்கிறது. 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஆவணியில் மறுபடி தொடங்கியது. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். மாரிகாலத்தில் கடல் கொந்தளித்தால் ஓடாது. நீச்சல் தடாகமும் நடன அரங்கும் அதில் கிடையா. கிளிநொச்சி அம்மாவுக்கும் இதையே சொல்வேன்: ஏழு இரவுக்குப் பணம் கட்டுவதற்கு முன், அமைதியான ஒரு மாதத்தில், கணவரோடு அந்த நான்கு மணி நேரத்தைப் போய்ப் பாருங்கள், அக்கரையில் இறங்கி வேளாங்கண்ணிக்கோ சிக்கல் முருகன் கோயிலுக்கோ போய்விட்டு வந்து, சுவிஸுக்குத் தொலைபேசி எடுங்கள்.